400 மெகாஹெர்ட்ஸில் மாட்டிக்கொண்ட மடிக்கணினி: லினக்ஸ்தான் காரணமா?

கேள்வி | 5 மே 2024, இரவு 9.12

செகண்ட் ஹேண்டில் ஒரு மடிக்கணினி வாங்கினேன். இன்டெல் கோர் ஐ5-8250யு, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. விண்டோஸை அழித்துவிட்டு உபுண்டு 22.04 போட்டேன். ஃபயர்பாக்ஸ் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. பிராசஸர் வேகத்தைப் பார்த்தால் எட்டு த்ரெட்டிலும் 400 மெகாஹெர்ட்ஸ். எதைத் திறந்தாலும் அது அசையவே இல்லை. வேகக் கொள்கையைத் தீர்மானிக்கும் கவர்னரை பர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிப் பார்த்தேன், ரீஸ்டார்ட் செய்தேன், லினக்ஸின் மையநிரலான கர்னலையும் புதுப்பித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. லினக்ஸில் இன்டெல் டிரைவர் சரியில்லை என்கிறான் நண்பன். விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா அண்ணா?

5 மே, இரவு 10.05

முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியில் மட்டும் ஓடும்போது வேகம் என்ன என்று பார்த்து எழுதுங்கள். அதற்குமுன் வேறு எதையும் நிறுவ வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

5 மே, இரவு 10.50

ஏன் சார்ஜர் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். விளக்கமாகவே எழுதுகிறேன்.

8250யு 2017இல் வந்த சில்லு. அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.4 வரை போகும். கீழே இறங்கக்கூடிய கடைசிப் படி 400 மெகாஹெர்ட்ஸ். வேலை இல்லாதபோது அங்கே நிற்பது நல்லதுதான், பேட்டரி மிச்சம். வேலை கொடுத்த பிறகும் எட்டு த்ரெட்டும் ஒரே எண்ணில் ஆணி அடித்ததுபோல் நின்றால்தான் விஷயம்.

வேகத்தை முடிவு செய்பவர்கள் மூன்று பேர். கர்னல், அதாவது கவர்னரும் டிரைவரும், "இவ்வளவு வேண்டும்" என்று கேட்கும். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸும், அதற்குக் கீழே சார்ஜர், விசிறி முதலியவற்றைக் கவனிக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற குட்டிச் சில்லும் "இவ்வளவுக்கு மேல் கிடையாது" என்று வரம்பு போடும். கடைசியாக, சில்லின் காலில் நேரடியாக வந்து சேரும் ஒரு மின்சமிக்ஞை, யாரையும் கேட்காமல் அடிமட்டத்துக்குத் தள்ளிவிடும். கவர்னரை மாற்றுவது முதல் ஆளிடம் பேசுவது மட்டும்தான். மூன்றாவது ஆள் பிடித்திருக்கும்போது கவர்னரை மாற்றிக்கொண்டிருப்பது, கரன்ட் போன வீட்டில் ஃபேன் ரெகுலேட்டரைத் திருகுவது மாதிரி.

அதனால்தான் "இந்தக் கட்டளையைப் போடு, அந்த நிரலை நிறுவு" என்ற பட்டியலோடு நான் ஆரம்பிப்பதில்லை. யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. சார்ஜரைக் கழற்றிப் பார்க்க நிமிடம்கூட ஆகாது, செலவும் இல்லை.

6 மே, காலை 7.30

கேட்டவர் இன்னும் பதில் எழுதவில்லை. அதற்குள் நான்கு பேர் ஆலோசனை சொல்லிவிட்டார்கள். அதில் இரண்டைத் தொட்டுவிட்டுப் போகிறேன்.

"கவர்னர் பவர்சேவ் என்று காட்டுகிறதே, அதுதான் காரணம்" என்கிறார் ஒருவர். இது பலரைக் குழப்பும் இடம். பழைய ஏசிபிஐ-சிபியுஃப்ரீக் டிரைவரில் பவர்சேவ் என்றால் கடைசிப் படியிலேயே நிறுத்திவைப்பது. 2013இல் கர்னல் 3.9இல் வந்த இன்டெல் பி-ஸ்டேட் டிரைவரில் அதே பெயருக்கு வேறு நடத்தை: வேலைக்கேற்ப ஏறி இறங்கும், பழைய ஆன்டிமாண்ட் கவர்னரைப் போல. இந்த டிரைவரின் ஆக்டிவ் முறையில் இருப்பதே பர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்ற இரண்டுதான். ஆகவே பவர்சேவ் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். எந்த டிரைவர் ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள். சிபியுபவர் கருவியில் ஃப்ரீக்வென்சி-இன்ஃபோ கேட்டால் முதல் சில வரிகளிலேயே சொல்லிவிடும்.

2015இல் வந்த ஸ்கைலேக் தலைமுறை தொடங்கி இன்டெல் சில்லுகளில் ஸ்பீட் ஷிப்ட் என்ற ஏற்பாடும் சேர்ந்துகொண்டது. எந்த நொடியில் எந்த வேகம் என்பதைச் சில்லே முடிவு செய்யும். கர்னல் அதற்கு ஒரு விருப்பத்தை மட்டும் தெரிவிக்கும்: பர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ் பர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ் பவர், பவர் என்று. பவர் என்று வைத்தால் சில்லு கொஞ்சம் சோம்பேறியாகும், உண்மை. ஆனால் பாரம் ஏறியும் 400ஐ விட்டு நகராமல் இருக்காது.

இரண்டாவது ஆலோசனை, "மிடிகேஷன்ஸ்=ஆஃப் போடுங்கள்." எதற்கு? 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டைகள் வெளியானபின் சேர்ந்த பாதுகாப்புகளை ஒரே சொல்லில் அணைப்பதற்கு கர்னல் 5.2இல் வந்தது அது. சில வேலைகள் அதனால் வேகமாகலாம். கடிகார வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 400ஐ 400ஆகவே வைத்துக்கொண்டு பூட்டையும் கழற்றிவிடுவீர்கள். பிரவுசர் ஓடும் கணினியில் வேண்டாம்.

6 மே, இரவு 8.20

பதில் வந்துவிட்டது. "பேட்டரியில் 3.1 வரை போகிறது அண்ணா! சார்ஜரைச் செருகிய அடுத்த நொடி எல்லாம் 400."

லினக்ஸ் டிரைவர் விடுதலை. நண்பனிடம் சொல்லிவிடுங்கள்.

நடப்பது இதுதான். பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் ப்ராக்ஹாட் என்ற சமிக்ஞையை எழுப்பித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் கம்பி இருவழி. சில்லு வெளியே சொல்வதைப்போல, மதர்போர்டில் உள்ள மற்றவர்களும் அதே கம்பியில் "குறை" என்று சில்லுக்குச் சொல்லலாம். இதைத்தான் பிடி ப்ராக்ஹாட் என்பார்கள். சார்ஜர் எத்தனை வாட் என்று கன்ட்ரோலருக்குப் புரியாவிட்டால், "தெரியாத ஆளை நம்பி 3.4இல் ஓட முடியாது" என்று அது இந்தக் கம்பியை இழுத்துப் பிடித்துவிடும். சில்லு 45 டிகிரியில் குளுகுளுவென்று இருந்தாலும் வேகம் அடியில்தான்.

உங்கள் சார்ஜர் முனையின் நடுவில் ஊசி போன்ற மெல்லிய முள் இருக்கிறதா? மின்சாரம் வருவது வெளி வளையத்திலும் உள் வளையத்திலும்தான். அந்த முள் அடையாள அட்டை. சில நிறுவனங்களில் அதன் பின்னால் சார்ஜருக்குள் ஒரு குட்டி நினைவகச் சில்லு இருக்கும், "நான் 65 வாட்" என்று ஒற்றைக் கம்பியில் சொல்வதற்கு. வேறு சிலர் சாதாரண மின்தடையாலேயே இதைச் சாதிக்கிறார்கள். டைப்-சி என்றால் பவர் டெலிவரி பேச்சுவார்த்தையிலேயே வாட் கணக்கு வந்துவிடும்.

இரண்டு கேள்விகள். பயாஸில் பேட்டரி அல்லது அடாப்டர் பக்கத்தைத் திறந்தால் அடாப்டர் வகை என்னவென்று எழுதியிருக்கிறது? செருகியிருக்கும்போது பேட்டரி ஏறுகிறதா?

6 மே, இரவு 8.45

இன்னொன்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. இதன் மறுபக்கமும் உண்டு. பேட்டரி செத்துப்போய் அதைக் கழற்றிவிட்டு சார்ஜரிலேயே ஓட்டுகிறவர்களுக்கும் சில மாடல்களில் இதே கதி. டர்போவில் ஒரு நொடி மின்தேவை எகிறும்போது சார்ஜருக்குத் துணையாக பேட்டரியும் கை கொடுக்கும் என்று கணக்குப் போட்டு வடிவமைத்திருப்பார்கள். துணை இல்லாவிட்டால் வரம்பு. "பேட்டரியைக் கழற்றினால் ஆயுள் கூடும்" என்று ஊரில் எல்லோரும் சொல்வதைக் கேட்டு இப்படி ஓட்டுகிறவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே உண்டு.

7 மே, காலை 6.55

"வகை: தெரியவில்லை" என்று பயாஸ் சொல்கிறதாம், பேட்டரியும் ஏறவில்லையாம். ஆக, சந்தேகமே இல்லை.

உறுதி செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு: சில்லின் உள்பதிவேடுகளான எம்எஸ்ஆர்களைப் படிக்க எம்எஸ்ஆர்-டூல்ஸ் நிறுவி, எம்எஸ்ஆர் மாட்யூலை ஏற்றி, ஆர்டிஎம்எஸ்ஆர் கட்டளையால் பதினாறடிமான முகவரி 19சி-ஐப் படியுங்கள். அதன் இரண்டாவது பிட், பூஜ்ஜியத்திலிருந்து எண்ண வேண்டும், வெளியிலிருந்து யாரோ ப்ராக்ஹாட்டை இழுக்கிறார்கள் என்பதைக் காட்டும். சூட்டினால் சில்லே குறைத்துக்கொண்டால் பூஜ்ஜியமாவது பிட் எரியும். அதே கட்டளையில் எஃப் விருப்பத்தோடு 2:2 என்று கொடுத்தால் அந்த ஒரு பிட்டை மட்டும் பிரித்துத் தரும், கையால் கணக்குப் போட வேண்டாம்.

சார்ஜரைச் செருகினால் 1, கழற்றினால் 0. இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்காது.

7 மே, இரவு 9.30

எதிர்பார்த்ததுதான். ஒருவர் வந்து, "1எஃப்சி முகவரியில் பூஜ்ஜியமாவது பிட்டை அணைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதி, ஒரு முழு எண்ணையும் கொடுத்து, அப்படியே எழுதச் சொல்கிறார்.

வழி சரி. ஆனால் அந்த எண்ணை அப்படியே எழுதாதீர்கள். அந்த முகவரியில் இருப்பது பிடி ப்ராக்ஹாட் பிட் மட்டுமல்ல, மின்மேலாண்மை பற்றிய வேறு பிட்டுகளும்தான். அவருடைய சில்லில் இருக்கும் மீதி உங்களுடையதில் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் எண்ணை நீங்களே படியுங்கள். அது ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்றைக் கழித்து எழுதுங்கள். அவ்வளவுதான் தேவை.

செக்யூர் பூட் போட்டிருந்தால் எழுத விடாது. கர்னல் 5.4இல் வந்த லாக்டவுன் ஏற்பாட்டின் வேலை அது. படிக்க முடியும், எழுத முடியாது, "அனுமதி இல்லை" என்று திரும்பி வரும். 5.9க்குப் பிறகு, எழுத விட்டாலும் கர்னலின் பதிவுக் குறிப்பான டிமெசேஜில் ஒரு முணுமுணுப்பு வரும். ஸ்லீப்புக்குப் போய் எழுந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், ஆகவே கணினி தொடங்கும்போது ஒன்று, தூங்கி எழும்போது ஒன்று என்று தானாக ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ் எழுத வேண்டியிருக்கும்.

"சூடு தாங்காமல் சில்லு வெந்துவிடாதா?" என்று கேட்டவருக்கு: வேகாது. வெளியார் இழுக்கும் வழியைத்தான் அடைக்கிறீர்கள். சில்லின் சொந்த வெப்பப் பாதுகாப்பு அப்படியே இருக்கும். எனக்குள்ள கவலை சார்ஜரைப் பற்றி. நிஜமாகவே 45 வாட் சார்ஜரை 65 வாட் கேட்கும் கணினியில் செருகியிருந்தால், அந்தக் கம்பி இழுக்கப்பட்டது நியாயம். அதை அடைத்துவிட்டு ஓட்டினால் சூடாவது மேசைக்கடியில் கிடக்கும் சார்ஜர். முதலில் சார்ஜரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்: வோல்ட் ஆம்பியர் இரண்டையும் பெருக்கினால் வாட். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65.

தேர்வு நெருங்குகிறது, நாளைக்குள் வேலை ஓட வேண்டும் என்றால் இந்த பிட்டை அணைத்து ஓட்டுங்கள். அதையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ள வேண்டாம். எப்படியும் பேட்டரி ஏறாதே!

8 மே, மதியம்

சார்ஜர் முதுகில் 65 வாட் என்றே இருக்கிறதாம், வாங்கும்போது கூடவே கொடுத்த "ஒரிஜினல்". ஒரிஜினல் என்று ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் ஒரிஜினல் இல்லை என்பது சென்னை ரிட்சி தெருவில் ஒரு நடை நடந்தவர்களுக்குத் தெரியும். போலி சார்ஜர்களில் அடையாளச் சில்லு இல்லாமலே இருக்கலாம், இருந்தாலும் செத்துப்போகலாம். மின்சாரம் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். அதனால் விற்பவர் மல்டிமீட்டரை வைத்து "பாருங்க சார், பத்தொன்பதரை வருது" என்று நிரூபித்தும் விடுவார். அவர் சொல்வது பொய்யில்லை, அளந்தது வேறு கம்பி.

புதிதாக வாங்கும் முன் அதே மாடல் வைத்திருக்கும் யாரிடமாவது சார்ஜரைக் கடன் வாங்கிச் செருகிப் பாருங்கள். பணத்தை வீணாக்க வேண்டாம்.

9 மே, இரவு 10.10

இழை வேறு பக்கம் போகிறது, நானும் கூடவே போகிறேன்.

ஒருவர் எழுதியிருக்கிறார்: மேசையில் வைத்தால் வேகமாக இருக்கிறது, மடியில் வைத்துக்கொண்டால் மெதுவாகிறது, பேய் பிடித்துவிட்டதா? அவருடையது திங்க்பேட். பேய் இல்லை. மடியில் இருக்கிறோமா என்று அதன் அசைவு உணரியால் கண்டுபிடித்து, தொடை சுடாமல் இருக்க மின்வரம்பைத் தானே குறைத்துக்கொள்ளும். லினக்ஸ் கர்னலிலும் அதைப் படிக்க வழி உண்டு, திங்க்பேட் ஏசிபிஐ அடைவில் லேப்மோட் என்று ஒரு கோப்பு. பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமனில் பர்ஃபார்மன்ஸைத் தேர்ந்தெடுத்தாலும் "மடியில் இருப்பதால் குறைக்கப்பட்டது" என்ற குறிப்பு வரும். மடிக்கணினியை மடியில் வைத்ததற்கா தண்டனை என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி, பதில் என்னிடம் இல்லை.

அதே திங்க்பேட் பேச்சில் இன்னொன்று. டி480, எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை முதலியவற்றில் லினக்ஸில் மட்டும் 80 டிகிரியிலேயே வேகம் குறைந்துவிடும் சிக்கல் பலராலும் பதிவு செய்யப்பட்டது. அதற்காகவே எழுதப்பட்ட பைத்தான் நிரல்தான் த்ராட்டில்ட். அந்த மாடல் வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்கலாம். மற்றவர்கள், பெயர் நன்றாக இருக்கிறதே என்று நிறுவ வேண்டாம்.

10 மே, காலை

டிஎல்பி, ஆட்டோ-சிபியுஃப்ரீக், பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன், தெர்மல்டி என்ற மின், வெப்ப மேலாண்மை நிரல்கள் நான்கையும் நிறுவியிருக்கிறேன், ஆனாலும் வேகமில்லை என்கிறார் ஒருவர்.

"ஆனாலும்" இல்லை, "அதனால்தான்". முதல் மூன்றும் ஒரே குமிழைத் திருகுகிறவை. ஒன்று ஏற்றும், இன்னொன்று இறக்கும், கடைசியாக எழுதியவர் ஜெயிப்பார். ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்குங்கள். தெர்மல்டி வேறு வகை, அது வெப்பத்தைப் பார்த்து நடப்பது, அது இருக்கலாம். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் கிடில்-இன்ஜெக்ட் என்று சில த்ரெட்டுகள் பிராசஸரைத் தின்பதுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அவை தின்னவில்லை, சூடு தணிய வேண்டுமென்றே சும்மா இருக்கவைக்கின்றன.

10 மே, இரவு 11.00

ஐ5-5200யு வைத்திருப்பவர் கேட்டது: வேகம் 2.5 காட்டுகிறது, ஆனாலும் ஊர்கிறது, டாப்பில் கேவொர்க்கர் என்ற கர்னலின் பின்னணி வேலையாள் ஒன்று ஒரு கோர் முழுவதையும் பிடித்திருக்கிறது.

உங்களுடையது இந்த இழையின் சிக்கலே இல்லை. கடிகாரம் சரியாக ஓடுகிறது, வேலைதான் வீணாகிறது. சிஸ் அடைவுக்குள் ஃபர்ம்வேர், அதில் ஏசிபிஐ, அதற்குள் இன்டரப்ட்ஸ் என்று இருக்கும், அதிலுள்ள ஜிபிஇ கோப்புகளை, அதாவது வன்பொருள் கர்னலை எழுப்பிய தடவைகளின் கணக்குகளை, எல்லாம் ஒரே கிரெப்பில் படியுங்கள். மற்றவை பூஜ்ஜியம், பத்து, இருபது என்று இருக்க, ஒன்று மட்டும் லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தால் அதுதான் ஆள். வன்பொருளில் ஏதோ ஒன்று ஓயாமல் கதவைத் தட்டுகிறது, கர்னல் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்த் திறக்கிறது. அந்தக் கோப்பில் டிஸேபிள் என்று எழுதிப் பாருங்கள். நின்றால், பூட் நேரத்தில் ஏசிபிஐ-மாஸ்க்-ஜிபிஇ என்ற அளபுருவில் அந்த எண்ணைக் கொடுத்து நிரந்தரமாக்கலாம். மூடியை மூடினால் தூங்குவது, பேட்டரி அளவு காட்டுவது போன்ற ஏதாவது அதனால் நின்றுபோகிறதா என்று சில நாள் கவனியுங்கள், அவையும் அதே வழியாக வரக்கூடியவை.

இதைப் பார்த்தபின் ஒன்று தோன்றுகிறது. வேகக் குறைவு என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது வேகம், வெப்பம், வாட் மூன்றையும் காட்டும் டர்போஸ்டாட் கருவியின் வெளியீடு. உபுண்டுவில் லினக்ஸ்-டூல்ஸ் பொதியில் வரும், ரூட்டாக ஓட்ட வேண்டும். அதில் ஆவ்ரேஜ் என்ற பத்தியைப் பார்த்து ஏமாறாதீர்கள். சும்மா இருக்கும் நேரத்தையும் சேர்த்த சராசரி அது, ஓய்வான கணினியில் 30, 40 என்று காட்டும். வேலை செய்த நேரத்தில் மட்டும் என்ன வேகம் என்பது பிசி என்று தொடங்கும் பத்தியில் இருக்கும். கூடவே வெப்பமும் வாட்டும் ஒரே வரியில் வருவதால், யார் பிடித்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். சூடு 97, வேகம் குறைவு என்றால் வெப்பம். வாட் 15லேயே நிற்கிறது என்றால் மின்வரம்பு. சூடும் இல்லை, வாட்டும் இல்லை, வேகமும் இல்லை என்றால் வெளியார்.

12 மே, காலை

கேட்டவர் நண்பனின் சார்ஜரைச் செருகிப் பார்த்திருக்கிறார். அதிலும் "தெரியவில்லை"தான். அவருடைய சார்ஜரை நண்பனின் கணினியில் செருகினால் ஒழுங்காக அடையாளம் தெரிகிறது.

பாவம், அந்த சார்ஜரை நாம் எல்லோரும் சேர்ந்து போலி என்று முடிவுகட்டிக்கொண்டிருந்தோம். மீதி இருப்பது கணினிப் பக்கம்: செருகும் குழியும், அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் வயரும். நடு முள்ளுக்கான தொடர்புதான் அதில் மெலிந்தது. சார்ஜர் வயரில் கால் தடுக்கி இழுபட்டால் முதலில் போவதும் அதுவே. மின் வயர்கள் தடிமனாக இருப்பதால் தப்பித்துவிடும். பல மாடல்களில் குழியும் வயரும் தனி உதிரியாகக் கிடைக்கும், மதர்போர்டில் பற்றவைத்திருக்காது. அடி மூடியைத் திறந்து பாருங்கள்.

14 மே, இரவு 9.00

வயர் மாற்றியாயிற்றாம். சார்ஜரைச் செருகிக்கொண்டே 3.4. பேட்டரியும் ஏறுகிறது.

ஆனால் அடுத்த கேள்வியும் உடனே வந்துவிட்டது: "கம்பைல் போட்டால் அரை நிமிடம் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுகிறது, அப்புறம் 2.1க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. இன்னும் ஏதோ பிடித்திருக்கிறதா அண்ணா?"

பிடித்திருக்கிறது, ஆனால் இது சட்டப்படி. 8250யு 15 வாட் சில்லு. அந்த 15 நீண்ட கால வரம்பு, பிஎல்1. அதற்கு மேலே குறுகிய கால வரம்பு ஒன்று, பிஎல்2. கணினி நிறுவனம் தன் குளிர்விப்புக்கு ஏற்றபடி இரண்டையும் வைத்துக்கொள்ளும். பவர்கேப் அடைவில் இன்டெல்-ராப்ள் என்பதற்குள் பாருங்கள், கன்ஸ்ட்ரெயின்ட் 0, 1 என்று இரண்டு தொகுப்பு இருக்கும். மைக்ரோவாட்டில் எழுதியிருப்பதால் 15க்குப் பின் ஆறு பூஜ்ஜியம். நேர அளவு என்ற கோப்பில் 27983872 என்று பார்த்தால் முழிக்க வேண்டாம், மைக்ரோவினாடியில் 28 வினாடி. உங்களுடைய "அரை நிமிடம்" அங்கிருந்துதான் வருகிறது.

நான்கு கோரும் முழுப் பாரத்தில் 15 வாட்டுக்குள் ஓட வேண்டும் என்றால் 2க்குச் சற்று மேலேதான் நிற்கும். 3.4 என்று பெட்டியில் அச்சிட்டது கொஞ்ச நேரம் தொடும் உச்சத்துக்கு. இது பழுது இல்லை.

15 மே, மாலை

"அந்தக் கோப்பில் 25 வாட் என்று எழுதலாமா?" எழுதலாம், சில கணினிகள் ஏற்கும், சிலவற்றில் எம்பெடட் கன்ட்ரோலர் சற்று நேரத்தில் பழைய எண்ணைத் திரும்ப எழுதிவிடும். ஏற்றுக்கொண்டாலும் கூடுதல் 10 வாட்டை வெளியேற்ற அந்த ஒற்றை விசிறியும் செப்புக் குழாயும் போதுமா என்பதுதான் கேள்வி. இப்போது அக்னி நட்சத்திரம் வேறு. அறை வெப்பம் ஜனவரியை விடப் பத்து டிகிரி கூடினால், அதே பாரத்தில் சில்லும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். ஜனவரியில் 85இல் நின்றது மே மாதத்தில் 95ஐத் தொடும். 100இல் சில்லே பிரேக் போட்டுவிடும்.

வெப்பத்தால் குறைகிறதா என்பதற்கு டிமெசேஜில் "கோர் டெம்பரேச்சர் அபவ் த்ரெஷோல்டு" என்ற வரியைத் தேடுங்கள். தெர்மல்-த்ராட்டில் அடைவில் ஒவ்வொரு கோருக்கும் ஒரு எண்ணிக்கையும் இருக்கும், பாரம் கொடுக்கும் முன்னும் பின்னும் படித்து ஒப்பிடலாம். ஏறியிருந்தால் மென்பொருளை விட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி தூசி அடைத்திருக்கும். ப்ளோயரால் ஊதும்போது விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் என்பதால் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து பொடியாகியிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றிவிடுங்கள். நான் பார்த்தவரை பழைய கணினிகளில் எந்தக் கட்டளையும் தராத முன்னேற்றத்தைத் தூசி தட்டுவது தந்திருக்கிறது.

வோல்டேஜைக் குறைப்பது பற்றியும் ஒருவர் கேட்டார். நல்ல வழியாக இருந்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதல் வெளியானபின் வந்த பயாஸ் புதுப்பிப்புகள் பலவற்றில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். உங்கள் பயாஸ் அதற்கு முந்தையதாக இருந்தால் வேலை செய்யலாம். அதற்காகப் பழைய பயாஸுக்கு இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

17 மே

ரைசன் வைத்திருப்பவருக்குச் சுருக்கமாக: மேலே சொன்ன எம்எஸ்ஆர் முகவரிகள் இன்டெலுக்கு மட்டும். உங்களுக்கு ஏஎம்டி-பிஸ்டேட் டிரைவர், கர்னல் 5.17இல் வந்தது. 6.3இல் ஆக்டிவ் முறை சேர்ந்தது. அதைவிடப் பழைய கர்னலில் ஏசிபிஐ-சிபியுஃப்ரீக் மூன்றே படிகளைக் காட்டினால் வியப்படைய வேண்டாம். சார்ஜரைக் கழற்றிப் பார்ப்பது உங்களுக்கும் பொருந்தும்.

19 மே, இரவு

"ப்ராசஸர் டாட் இக்னோர்-பிபிசி=1 போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று இன்று ஒருவர். அந்த பூட் அளபுரு, பயாஸும் கர்னலும் பேசிக்கொள்ளும் ஏற்பாடான ஏசிபிஐ வழியாக பயாஸ் போடும் வரம்பை மீறுவதற்கு, அதாவது நான் முதலில் சொன்ன மூவரில் இரண்டாவது ஆளுக்கு. பழைய கோர் 2 டுவோ காலத்து அறிவுரை, ஏசிபிஐ-சிபியுஃப்ரீக் ஓடும் கணினியில் பயாஸ்-லிமிட் என்ற கோப்பு அதிகபட்ச வேகத்துக்குக் கீழே காட்டினால் மட்டும் முயன்று பார்க்கலாம். கம்பியை யாராவது இழுத்துக்கொண்டிருந்தால் இது காதிலேயே விழாது.

21 மே

கேட்டவருக்கு ஒரு நினைவூட்டல்: வயர் வரும்வரை ஓட்டுவதற்காக 1எஃப்சி பிட்டை அணைக்கும் சர்வீஸ் எழுதினீர்களே, அதை நீக்கிவிட்டீர்களா? சிஸ்டம்சிடிஎல்லில் டிஸேபிள் செய்து, கோப்பையும் அழித்து, ஒருமுறை முழுவதும் அணைத்துப் போடுங்கள். அதன்பிறகு சார்ஜரைச் செருகி 19சி-யின் அந்த பிட்டைப் படியுங்கள், 0 வர வேண்டும். சர்வீஸ் இருக்கும்வரை வயர் மறுபடி தொடர்பு விட்டாலும் வேகம் குறையாது, பேட்டரி ஏறாமல் இருப்பது மட்டும்தான் அடையாளம், அதையும் வகுப்பில் இருக்கும்போதுதான் கவனிப்பீர்கள். செக்யூர் பூட்டையும் திரும்பப் போட்டுவிடுங்கள்.